ஞாயிற்றுக்கிழமைப் போணி

கயலுக்குக் கூவி விற்க வராது. கோபி கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது, வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வந்தவள் அவள். அவள் அமெரிக்காவில் சான் ஹோசே ஃப்ளீ மார்க்கெட்டில், அந்த ஊர்ச் சந்தையில், கடை போடப் போகிறாள் என்று கேட்டதும், திருப்பூரில் இருந்த அவள் அண்ணன் மயில்சாமி போனில் சிரித்த சிரிப்பில் காலிங் கார்டில் இரண்டு நிமிடம் போயே போயிற்று.

"ஏங்கண்ணு, ‘மூணு பத்து டாலர், மூணு பத்து டாலர்’னு நீ கத்துவியா?"

"கத்த மாட்டேன். அட்டையில எழுதி வெப்பேன்."

அப்படியே செய்தாள். மயில்சாமி வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஏற்றுமதி போக மிஞ்சியதெல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. எல்லாம் குழந்தைகளுக்கானவை, ஐரோப்பாவுக்குத் தைத்தவை. அங்கே இரண்டு வயது என்றால் இங்கே ஒரு வயதுப் பிள்ளைக்கே இறுகியது. முதல் வாரம் நான்கு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் கயல் ஒரு பெரிய அட்டையில் அங்குலக் கோடு போட்டு, எந்த உயரத்துக்கு எந்தப் பனியன் என்று நிறம் தீட்டி நிறுத்தி வைத்தாள். பிள்ளைகள் தாமாக வந்து அதில் முதுகைச் சாய்த்து நின்றார்கள். கைக்குழந்தைகளை அதன்மேல் படுக்கவைத்து அளந்தார்கள். அவள் பேசவே வேண்டியிருக்கவில்லை.

கிரீன் கார்டு வந்த பிறகுதான் அவளால் இதெல்லாம் செய்ய முடிந்தது. கம்யூனிட்டி காலேஜில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர வேண்டும், அதற்கான பணத்தைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. அவள் கணவன் கதிர் சான்டா கிளாராவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். "நான் கட்டறேன் கயலு, இதுக்குப் போயி ஞாயித்துக்கிழமைய கெடுத்துக்கோணுமா?" என்று இரண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்கவில்லை. காலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

எதிர் வரிசையில் லான் செடி விற்றாள். வியட்நாமிலிருந்து வந்தவள், நாற்பது வயது இருக்கும். அகலத் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, வருகிறவர்களை அதட்டுவதுபோலவே விற்பாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கூட்டம் வருமுன், கயல் போய் ஒரு புதினா நாற்று வாங்கினாள். விலை ஒரு டாலர். பேரம் பேச வேண்டுமானால் வாய் திறக்க வேண்டுமே. அதனால் கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

லான் அந்த ஒற்றை நோட்டை எடுத்து, தன் செடிகளின் தலைகளையெல்லாம் வரிசையாக ஒரு தடவு தடவினாள். மிளகாய், தக்காளி, எலுமிச்சம்புல் என்று ஒன்றையும் விடவில்லை.

கயல் அப்படியே நின்றுவிட்டாள். அவளும் வாராவாரம் முதல் வியாபாரத்து நோட்டைக் கண்ணில் ஒற்றி, பனியன் அடுக்கில் ஒரு தொடு தொட்டுத்தான் பெட்டியில் போடுவாள். கோபிச் சந்தையில் அத்தனை பேரும் அதைத்தான் செய்வார்கள்.

"போணி!" என்று அவள் வாயில் தமிழே வந்துவிட்டது.

லானுக்குச் சொல் புரியவில்லை. விஷயம் புரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அன்று நண்பகலுக்குள் லானின் மேசை காலியாயிற்று. அடுத்த ஞாயிறு ஆறரை மணிக்கு அவளே பாதையைத் தாண்டி வந்து கயலின் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவருக்கும் நடுவே ஆங்கிலம் நொண்டி நொண்டித்தான் நடந்தது.

"நீதான் முதலில் வாங்க வேண்டும். இனி எல்லா வாரமும்."

"நானா? ஏன்?"

"உன் கை நல்ல கை."

அன்று சாயங்காலம் காரில் ஏறியதும் கயல் சொன்னாள். "ஏனுங்க, எங்கையி நெம்ப நல்ல கையாம்."

"யாரு சொன்னா?"

"எதுத்தாப்ல செடி விக்கறவங்க. நாம் போயி மொதல்ல வாங்குனாத்தான் அவங்க மத்தவங்களுக்கே குடுப்பாங்களாம்."

"பாத்துக்க, அடுத்த வாரம் கோயில் கட்டிருவாங்க" என்று கதிர் சிரித்தான்.

கயல் சிரிக்கவில்லை. சிக்னலில் கார் நின்றபோது மடியில் கிடந்த தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

கதிரின் வீட்டில் யாரும் அவளை ராசியில்லாதவள் என்று முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கல்யாணம் நடந்த வாரத்தில் மாமனாரின் சாயப்பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. நான்கு மாதத்தில் அவர் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்கடுத்து கதிரின் அக்கா வசந்தாமணி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பானையில் ஒரு தம்ளர் பால் ஊற்றினார்கள். கயலின் முறை வந்தபோது வசந்தாமணி அவள் கையிலிருந்த தம்ளரை மெல்ல வாங்கிக்கொண்டு, "நீ போயி அந்தப் பூத்தட்ட எடுத்துட்டு வா கண்ணு" என்றாள். கயல் பூத்தட்டோடு திரும்பி வந்தபோது பால் பொங்கிவிட்டிருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கதிர் அப்போது வாசலில் சமையல்காரருக்கு கேஸ் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாது, அவளும் சொன்னதில்லை.

ஆகவே லான் சொன்னதை அவள் யாருக்கும் தெரியாமல் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மார்ச்சும் ஏப்ரலும் நாற்று நடுகிற காலம். யார் கை பட்டாலும் படாவிட்டாலும் செடி விற்கும். ஒன்பது வாரக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த ஆய்வகத்திலும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தப் பாதையைத் தாண்டும்போது அவள் நடை மாறியது. பார்த்துக்கொண்டிருந்த சாக்ஸ் கடைக்காரரும் ஒரு நாள் கூப்பிட்டார். மெக்ஸிகோக்காரர். அவள் கொடுத்த காசால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கத்தி சாணை பிடிப்பவர் கூப்பிட்டார். அவரிடம் வாங்க ஒன்றும் இல்லாததால், கயல் வீட்டிலிருந்து வாரம் ஒரு கத்தி எடுத்துப் போனாள்.

அபார்ட்மென்ட் பால்கனியில் கால் வைக்க இடம் இல்லை. துணி காயப்போடப் போன கதிர் பெயர் தெரியாத ஒரு கொடியில் மாட்டிக்கொண்டு கத்தினான். "இன்னும் ரெண்டு வாரம் போனா நாம வெளிய கட்டில் போட்டுக்கலாம், செடிக உள்ள படுத்துக்கட்டும். வீட்ல இருக்கற ஆறு கத்தியும் பளபளன்னு இருக்குது, வெங்காயம் வெட்டவே பயமா இருக்குது!"

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கதிர் வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஆபீஸ் டிராயரில் வைத்திருந்த விபூதிப் பொட்டலமும் ஒரு ஜோடி டென்னிஸ் ஷூவும் இருந்தன.

"தூக்கிட்டாங்க" என்றான். பிறகு, "கிரீன் கார்டு இருக்குதல்ல, ஊருக்கு ஓடோணும்னு இல்ல. வேற வேலை பாத்துக்கலாம். பயப்படாத" என்றான். ஷூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கயல்தான் வாங்கிக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை வசந்தாமணி போன் செய்தாள். அவளுக்குத் தொலைதூரம் என்றால் கத்திப் பேச வேண்டும் என்று எண்ணம். ரிசீவர் கதிரின் காதில் இருந்தும் சமையலறை வரை கேட்டது.

"நாங் கல்யாணத்தன்னைக்கே நெனச்சேன் தம்பி. அவ காலடி வெச்ச நேரம்..."

கதிர் போனோடு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். செடிகளுக்கு நடுவே அவன் முதுகு மட்டும் தெரிந்தது. என்ன சொன்னான் என்று கயலுக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்ததும், "அக்கா உன்னையக் கேட்டுச்சு" என்றான்.

"என்ன கேட்டாங்க?"

"நல்லா இருக்கறயான்னு."

அவனுக்குப் பொய் சொல்லவே வராது. காது மடல் சிவந்துபோகும்.

அடுத்த நாள் ஞாயிறு, அன்னையர் தினம். அதற்காக லான் மூன்று வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தது கயலுக்குத் தெரியும். பூந்தொட்டிகள் மட்டும் முன்னூறு. அவற்றை ஏற்றிவரத் தங்கை வீட்டு வேனைக் கடன் வாங்கியிருந்தாள். "இந்த ஒரு நாள் விற்றால் கோடை முழுக்கக் கவலை இல்லை" என்று போன வாரம் சொல்லியிருந்தாள்.

கயல் இரவெல்லாம் அதையே யோசித்தாள். காலையில், "மெதுவாப் போலாங்க" என்றாள்.

"ஏழு மணிக்கு நீ போயாகோணுமே? கோயில் நடை தொறக்கறதே நீதான?"

"இன்னைக்கு மெதுவாப் போலாம்."

கதிர் அன்று முழுநாளும் கடையில் கூட இருப்பதாகச் சொல்லியிருந்தான். பனியன் பெட்டிகளை ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். கயல் காபி போட்டாள், பாத்திரம் கழுவினாள், கழுவியதையே திரும்பக் கழுவினாள். எப்படியும் ஏழு மணிக்கு யாராவது ஒருவர் லானிடம் வாங்கியிருப்பார்கள். யாரோ ஒரு நல்ல கைக்காரர். தன் கை படாமல் போணி ஆகிவிட்டால் போதும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மார்க்கெட் நிரம்பி வழிந்தது. சுட்ட சோளத்தின் வாசனையும் எங்கிருந்தோ டிரம்பெட் சத்தமும் வந்துகொண்டிருந்தன. கயல் தலை நிமிராமல் பனியன்களை அடுக்கினாள்.

"கயலு" என்றான் கதிர், "அந்தம்மா ஏன் யாருக்கும் குடுக்க மாட்டீங்குது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். லானின் மேசையில் ஒரு தொட்டிகூடக் குறைந்திருக்கவில்லை. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் முன்னூறும் அப்படியே இருந்தன. லான் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம், "இன்னும் திறக்கவில்லை" என்றாள். அந்தப் பெண் அத்தனை பூக்களையும் பார்த்தாள், லானைப் பார்த்தாள், தோளைக் குலுக்கினாள்.

லான் கயலைக் கண்டுவிட்டாள். எழுந்து நின்றாள்.

"எங்கே போனாய்? இரண்டரை மணி நேரம்! இருபது பேரை அனுப்பிவிட்டேன். ஒருத்தன் என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனான்!"

கயல் கையிலிருந்த பனியனைப் பெட்டியில் போட்டாள். பாதையைத் தாண்டிப் போனாள். கதிரும் பின்னால் வந்தான்.

"இன்றைக்கு நான் வாங்க மாட்டேன், லான். வேறு யாருக்காவது கொடுங்கள். தயவுசெய்து."

"ஏன்?"

"என் கை நல்ல கை இல்லை."

"யார் சொன்னது?"

கயல் ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை இவருக்கு வேலை போய்விட்டது. முன்னாலும் நடந்திருக்கிறது. நான் போகிற இடத்தில் இப்படி ஆகும். இவர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்."

கதிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்தது.

லான் கதிரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கயலிடம் திரும்பினாள்.

"இவன் கம்பெனி என்ன விற்றது?"

"சாஃப்ட்வேர்."

"காலையில் நீ போய் முதலில் வாங்கினாயா?"

"இல்லை..."

"அப்புறம்?" என்றாள் லான், வழக்கு முடிந்தது என்பதுபோல.

கதிர் பொங்கி வந்த சிரிப்பை இருமலாக மாற்றினான். பிறகு தமிழில், தணிந்த குரலில் சொன்னான்: "கயலு, எங்க கம்பெனில முன்னூறு பேரத் தூக்கிருக்கறாங்க. முன்னூறு வீட்டுக்கும் ஒரு கையி நீளுமா?" அவன் குரல் மாறிற்று. "இத எத்தன நாளாச் சொமந்துட்டு இருக்கற? எங்கிட்ட ஏம்புள்ள சொல்லல?"

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லானைப் பார்ப்பதுதான் சுலபமாக இருந்தது. சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அதையும் சொல்லிவிட்டாள்.

"லான், அது என் கையே இல்லை. இது வசந்த காலம். எல்லாரும் செடி வாங்குகிற காலம். நான் வராவிட்டாலும் விற்றிருக்கும். எனக்கு அப்போதே தெரியும்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் லான். "பதினோரு வருஷமாகச் செடி விற்கிறேன்."

"பின்னே ஏன்?"

லான் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். ஆங்கிலம் போதாமல் கொஞ்சம் யோசித்தாள். "முதலில் வருகிறவன் இலையைக் கிள்ளிப் பார்ப்பான். ஒரு டாலர் செடியை அரை டாலருக்குக் கேட்பான். கிடைக்காவிட்டால் திட்டுவான். அப்புறம் நாள் முழுக்க நான் எல்லாரிடமும் கத்திக்கொண்டிருப்பேன். நீ வருகிறாய். கிள்ள மாட்டாய். கேட்டதைக் கொடுத்துச் சிரிக்கிறாய். அன்றைக்கு எனக்கு மனசு நன்றாக இருக்கிறது. மனசு நன்றாக இருந்தால் விற்கிறது. அதற்கு எங்கள் ஊரில் நல்ல கை என்று பேர். உங்கள் ஊரில் வேறு பேரா?"

தள்ளுவண்டிப் பெண் இன்னும் போகவில்லை. அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர், என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே வரிசையில் நின்றுவிட்டிருந்தார்கள்.

கதிர் பர்ஸை எடுத்து ஒரு நோட்டை லானிடம் நீட்டினான். லான் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ இல்லை. அவள்."

கதிர் நோட்டைக் கயலின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினான். பிறகு இரண்டடி பின்வாங்கி நின்றான். கயல் ஒரு சிறிய மஞ்சள் தொட்டியை எடுத்தாள். நோட்டை நீட்டினாள். சிரிக்க முயன்றாள். சரியாக வரவில்லை. லான் அதைப் பொருட்படுத்தாமல் நோட்டை வாங்கி, முன்னூறு தொட்டிகளின் தலையிலும் வீசிக்கொண்டே நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நடந்த வியாபாரத்தைப் பெரிதாகச் சொல்ல முடியாது. பகல் ஒரு மணிவரை நன்றாகப் போயிற்று. பிறகு காற்று எழுந்தது. கூடாரத் துணி படபடத்தது, பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் கவிழ்ந்தன, கூட்டம் சீக்கிரமே கலைந்தது. ஐந்து மணிக்கு லானின் மேசையில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது.

கயல் பனியன்களை மடித்துக்கொண்டே அதை எண்ணினாள். திரும்ப எண்ணினாள். பிறகு ராசியில்லை என்கிற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் ஒரு மௌனம், பிறகு ஒரு பார்வை, பிறகு வேறு எதையோ எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

லான் வந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தன் மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"காற்று" என்றாள் வெறுப்போடு. "அப்புறம் வாசலில் ஒருத்தன் வாளியில் ரோஜா வைத்துக்கொண்டு பாதி விலைக்குக் கொடுத்தான், நாசமாய்ப் போகிறவன். அப்புறம் நீ லேட். ஒன்பதரைக்கு வந்தால் எப்படி விற்கும்? அடுத்த வாரம் ஏழு மணி. புரிந்ததா?"

"அடுத்த வாரமுமா?"

"வேறு யார் வருவார்கள்?" என்று லான் எரிந்து விழுந்தாள். "வா, தூக்கு. வேன் போகிற கேட்டைச் சாத்திவிடப் போகிறார்கள்."

கயல் தொட்டி நிறைந்த ஒரு தட்டைத் தூக்கினாள். அது கனமாக இருந்தது. மண் ஈரமாக இருந்தது. கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை என்பதால் அப்படியே நடந்தாள்.

கதிர் ஒரே தடவையில் மூன்று தட்டுகளை அடுக்கி எடுத்து வந்தான். வேன் படியில் கால் இடறி, மேல் தட்டு சரிந்து, நான்கு தொட்டிகள் தார் ரோட்டில் விழுந்து உடைந்தன. லான் வியட்நாம் மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். பிறகு அவனை அங்கேயே நிறுத்திவிட்டு, அவன் கையிலிருந்த மற்ற தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கயலு, என்னமோ திட்டுது. என்ன சொல்லுது?"

"உங்க கை ராசியில்லாத கையாம்" என்றாள் கயல்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கதிர் மண் அப்பிய கைகளை விரித்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இருக்கும்" என்றான். "இதையே அக்காகிட்டயும் சொல்லிரு. நம்பரப் போட்டுத் தாரேன், நீயே பேசு."

அவள் ரோட்டில் குந்தி, உடைந்த தொட்டிகளிலிருந்து செடிகளைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தாள். வேர் நன்றாகத்தான் இருந்தது. அவனும் பக்கத்தில் குந்தினான். லான் வேனுக்குள்ளிருந்து, அதையெல்லாம் தொட வேண்டாம் என்று அவனிடம் சொல், அவன் போய்த் தன் காரைக் கிளப்பட்டும் என்று கத்தினாள். அவன் போகவில்லை. கயலும் அவனைப் போகச் சொல்லவில்லை.